அனுப்பாமல் விட்ட பதினொன்றாம் பக்கம்

அம்மு,

இதை நீ படிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். இப்போது நாலரை. எழுத்துக்கூட்டவே தெரியாத ஆளுக்கு இவ்வளவு நீளக் கடிதம் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நீயும் அம்மாவும் தாத்தா வீட்டுக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அந்த வீட்டில் நீ வளர்ந்தால் ஒரு கதையைக் கேட்டு வளர்வாய். தாத்தாவின் உப்பளம் கையைவிட்டுப் போனதற்குப் பேப்பர் போடுகிற லூர்துசாமிதான் காரணம் என்பது அந்தக் கதை. பாதியை நீ ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டாய். அது பொய். அது எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும், பிறக்கும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்கப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் உன் அப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்திரண்டு. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஃபைபர் கேபிள் இழுத்து இன்டர்நெட் கொடுக்கும் வேலை. உப்புக்காற்றில் கம்பத்தில் மாட்டிய டப்பா ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிடும், மாதம் பாதி நாள் ஏணியின் மேல்தான் நிற்பேன். ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தால் எனக்குக் கோபம் வரும். ஓடிபி எங்கே வரும் என்று கேட்கிற பெரியவர்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். எது மெதுவாக நடந்தாலும் அதைச் செய்கிறவன் முட்டாள் என்று நினைக்கிற வியாதி எனக்கு உண்டு. இந்த வியாதி உனக்கு வந்திருந்தால், என் ரத்தம்தானே, வந்திருக்கும், மீதிக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

லூர்துசாமி உன் தாத்தா வயசுக்காரர். தினமும் விடியற்காலை மெயின் ரோட்டில் வேன் போட்டுவிட்டுப் போகும் கட்டுகளைப் பிரித்து, ஒரு பழைய மொபெட்டில் நாலு ஊருக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பெரிய மகான் என்று நினைத்துக்கொள்ளாதே. மழை நாளில் நனைந்த பேப்பரை வாசலில் எறிந்துவிட்டு, கேட்டால், "மழை மேல கேஸ் போடுங்க" என்பார். வாய் ரொம்ப நீளம். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்டைப் பிரித்ததும் முதல் பக்கத்தைப் பார்க்கமாட்டார். உள்ளே நோட்டீஸ் வருகிற பக்கத்தைத்தான் திறப்பார். கோர்ட் அறிவிப்பு, பத்திரம் தொலைந்த விளம்பரம், பேங்க் ஏலம், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் பொடி எழுத்தில் கட்டம் கட்டி வருமே, அந்தப் பக்கம். அதில் நம் பக்கத்து ஆள் பெயரோ சர்வே நம்பரோ இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அந்த வீட்டு வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். "ஏம்மா, உங்க வூட்டுக்காரர் பேரு வந்திருக்குது, எழுப்பிக் காட்டு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். நோட்டீஸில் பெயர் ஒரு ஊரில் இருக்கும், ஆள் இன்னொரு ஊரில் இருப்பான். யார் எங்கிருந்து வந்து இங்கே குடியேறினார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் வட்டம் போட்டதால் கோர்ட் வாய்தாவுக்கு ஓடியவர்கள், பேங்குக்கு ஓடியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இதை அப்போது நான் வம்பு வளர்க்கிற புத்தி என்று நினைத்தேன்.

நான்தான் அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். ஒரு ஆள் பெயரில் சந்தா கட்டி, இணையத்தில் வருகிற பேப்பரைத் தினமும் இறக்கி, ஊருக்கே அனுப்புவது. அது திருட்டுதான். அப்போது அதற்கு நான் சேவை என்று பெயர் வைத்திருந்தேன். ஃபைல் பெரிதாக இருக்கிறது, டேட்டா தீர்கிறது என்று ஆட்கள் முனகினார்கள். உடனே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் கட்டம் கட்டிய விளம்பரமாக இருந்தால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடும். நகைக்கடை, ரம்மி, பிளாட் விற்பனை எல்லாம் போய்விட்டது. பதினாறு பக்கப் பேப்பர் ஒன்பது பக்கமாகி, காலை ஐந்தே முக்காலுக்கு எல்லார் போனிலும் விழுந்தது. ஆட்கள் கையெடுத்துக் கும்பிடும் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வீடாகப் பேப்பரை நிறுத்தினார்கள். கடைசியில் நம் ஊரில் நாலைந்து வீடு மிச்சம். அதற்காக மொபெட்டில் வருவது பெட்ரோலுக்குக் கட்டாது என்று லூர்துசாமி நம் ஊர்ப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

விடுவதற்கு முன் ஒரு நாள் என் கேபிள் கடைக்கு வந்தார். நான் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்பா, என் சோத்துல மண்ணப் போடுறியே, நல்லாருக்குதா?"

"காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறணும்ங்க. இன்னும் எத்தன நாளைக்குப் பேப்பர எறிஞ்சிக்கிட்டு இருப்பீங்க?"

"நீ கம்பம் ஏறுற வரைக்கும் நான் எறிவேன். வுழுந்தா நீயும் நிறுத்திக்க, நானும் நிறுத்திக்கறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அது எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் தன் மகள் போனிலிருந்து குழுவுக்குள் வந்து, எல்லார் முன்னாலும் எழுதினார். 'தம்பி, கோர்ட்டு நோட்டீஸ் பக்கம் காணோமே. அது எங்க?' நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு, 'அதையெல்லாம் யார் படிக்கிறாங்க' என்று எழுதினேன். 'படிக்கலன்னா என்னா ஆவும்னு தெரியுமா உனக்கு' என்று திரும்ப எழுதினார். வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். அவர் பெயரைத் தொட்டு அழுத்திக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். ஒரு விநாடி வேலை. ஒரு மனிதன் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டால், அவனுக்கு அதில் என்ன லாபம் என்று பார்ப்பதற்கு முன், கேள்வி சரியா என்று பார். நான் பார்க்கவில்லை.

இப்போது தாத்தா விஷயம். அவர் பிறந்தது பெருமுக்கல். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து, தன் பங்குக்கு வந்த பட்டா நிலத்தில் உப்பு எடுத்தார். அந்த நிலம் தங்களுக்கே முழுசாகச் சேர வேண்டும் என்று அவருடைய பங்காளிகள் கேஸ் போட்டார்கள். விலாசம் மட்டும் பெருமுக்கலில் இடிந்து கிடக்கும் பழைய வீட்டினுடையது. வேண்டுமென்றே கொடுத்தார்கள். சம்மன் திரும்பிப் போயிற்று. ஆள் கிடைக்காவிட்டால் பேப்பரில் விளம்பரம் போடச் சொல்வார்கள். போட்டார்கள். இன்ன தேதிக்கு வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும் என்று பதினொன்றாம் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் வந்தது. அன்று காலை என் புரோகிராம் பதினொன்றாம் பக்கத்தைத் தூக்கிப் போட்டது. தாத்தா அன்று டீ குடித்துக்கொண்டே நான் அனுப்பிய ஒன்பது பக்கத்தையும் படித்திருப்பார். அவர் விடாமல் படிக்கிற ஆள். படித்துவிட்டு உப்பளத்துக்குப் போயிருப்பார்.

அந்தத் தேதிக்குத் தாத்தா போகாததால் தீர்ப்பாகி, நிலத்தை எடுக்கக் கோர்ட் அமீனா வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பம்ப்செட் பக்கத்தில் கேமரா மாட்டச் சொல்லித் தாத்தா கூப்பிட்டிருந்தார். சித்திரை வெயில், உப்பு நன்றாக விளைந்த நேரம், பாத்தியைப் பார்த்தால் கண் கூசும். தாத்தா உப்பு வாரும் பலகையோடு நின்றார். இரண்டு பேர் டேப் பிடித்து வரப்பை அளந்துகொண்டு வந்தார்கள்.

"யாருங்க நீங்க? எதுக்கு அளக்கறீங்க?"

"கோர்ட் ஆர்டருங்க. உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்குமே."

"எனக்கு ஒரு நோட்டீசும் வரலீங்க."

"பேப்பர்லயே போட்டாங்களேங்க" என்று அமீனா ஃபைலிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார்.

தாத்தா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பேப்பரின் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ள, இந்தப் பேப்பரத்தான நீ தெனம் அனுப்புற?"

"ஆமா மாமா."

"இது அதுல வந்துச்சா?"

"வரல மாமா."

பொய் இல்லை. நான் அனுப்பியதில் அது வரவில்லை. நான் வாழ்க்கையில் சொன்ன கேவலமான வார்த்தை அந்த உண்மைதான். பக்கத்தில் உப்பு மூட்டை பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் உடனே சொன்னார், "அப்ப அச்சடிச்ச பேப்பர்ல மட்டும் வந்திருக்குது. லூர்து ஊருக்குப் பேப்பர் போட்டுக்கிட்டு இருந்தா வட்டம் போட்டுக் காமிச்சிருப்பான். பாவி, நிறுத்திட்டானே." தாத்தா தலையாட்டினார். நான் கேமரா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அந்தத் தேதியைத் தேடினேன். எந்தப் பக்கத்தை எடுத்தது, எதை விட்டது என்று புரோகிராம் தினமும் ஒரு வரி எழுதி வைக்கும். 'பக்கம் 11, நீக்கப்பட்டது' என்று இருந்தது. அந்த வரியை அழித்தேன். அழித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டோம். பேப்பரில் வந்திருக்கிறது, அது உங்கள் கையில் கொடுத்த மாதிரிதான் என்று தள்ளுபடியாகிவிட்டது. அம்மு, பேப்பர் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஆள் ஆளுக்கு அழுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு முதல் பக்கம் முழுக்க விளம்பரம் போட்டவர்கள், ஊர்ச் செய்தி அனுப்பும் நிருபரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு நாலு மாவட்டத்தை ஒரே பக்கத்தில் திணித்தவர்கள், தங்களைத் தாங்களே கொன்றுகொண்டார்கள். செய்தி எப்படியும் வந்துவிடும். வராமல் போவது, நீ தேடாத விஷயம். உனக்குப் பிடித்ததை மட்டும் போன் கொண்டுவந்து கொடுக்கும். உன்னைக் குழிக்குள் தள்ளப்போகிற பொடி எழுத்தை அது ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் பேப்பரில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று கோர்ட்டு இன்னும் நம்புகிறது. அது நம்புகிற பேப்பர் ஊருக்கு வருவதில்லை. ஊருக்கு வருவது கோர்ட்டுக்குத் தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிழவர் சிவப்புப் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் தொட்டு அழுத்தி நீக்கினேன்.

குழுவில் கதை வளர்ந்தது. முதல் நாள் லூர்து பேப்பரை நிறுத்தினான் என்றார்கள். மூன்றாம் நாள் பங்காளிகள் சொல்லித்தான் நிறுத்தினான் என்றார்கள். ஒரு வாரத்தில், அவர்களிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்று குரல் பதிவே வந்துவிட்டது. நான் அட்மின். அழித்திருக்கலாம். கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டேன். மற்ற ஊர்களிலும் அவரிடம் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்தே ஒருவன் அவரிடம் கேட்டானாம், "எவ்ளோ வாங்கின?" என்று. அவர் ஏஜென்சியை எழுதிக் கொடுத்துவிட்டு ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார்.

அவர் செக்யூரிட்டி வேலைக்குப் போனது தெரிந்ததும் உன் அம்மாவிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "எங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். மறுநாள் மதியம் தாத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அழித்த வரி உட்பட. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாப்ள, இத நீ எங்கிட்ட சொல்லல. நான் கேக்கல. புரியுதா?"

"மாமா, லூர்து..."

"லூர்து பேரு போயிடுச்சி. போனது போயிடுச்சி. உன் பேரும் போவணுமா? நெலம் திரும்பி வருமா? நாளைக்கு இந்தக் குட்டிய ஒருத்தன் வந்து பொண்ணு கேக்கும்போது, அப்பங்காரன் மாமனார் சொத்தயே தொலைச்சவன்னு சொல்லுவான். சும்மா இரு."

உன் பெயரைச் சொல்லித்தான் என் வாயைக் கட்டினார். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்த முதல் தப்பு அவசரம். இரண்டாவது பயம். மூன்றாவது இந்தச் சௌகரியம், அதற்கு நான் எந்தச் சாக்கும் தேடவில்லை. பத்து நாள் சும்மா இருந்தேன். அந்தப் பத்து நாளில் ஒரு நாள் தாத்தா டீக்கடையில் லூர்துசாமியைப் பார்த்துத் தரையில் துப்பினார் என்று கேள்விப்பட்டேன். உண்மை தெரிந்த பிறகு துப்பியது அது.

பதினொன்றாம் நாள் காலை உன்னை வண்டியில் முன்னால் உட்காரவைத்து பிஸ்கட் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாப்பில் லூர்துசாமி நீலச் சட்டை, தொப்பியோடு டியூட்டி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நீ கையை நீட்டி, பாட்டுப் பாடுகிற மாதிரி, "பேப்பர் திருடன்! பேப்பர் திருடன்!" என்று கத்தினாய். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் உன்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று உன்னைக் கேட்டேன். "தாத்தா" என்றாய்.

அன்று மத்தியானம் குழுவில் எழுதினேன். 'பக்கங்களைச் சுருக்கும்போது தொழில்நுட்பக் காரணத்தால் ஒரு நாள் ஒரு பக்கம் விடுபட்டுவிட்டது. யாரையும் தவறாக நினைக்க வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அரை மணி நேரத்தில் இருபது கட்டைவிரல் விழுந்தது. ஒருவன் 'சூப்பர்ணா' என்று போட்டிருந்தான். படித்தானா என்றே தெரியவில்லை. அதன் கீழே யாரோ பிறந்தநாள் கேக் படம் போட்டார்கள், நான் எழுதியது மேலே போய்விட்டது. ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற நினைப்போடு மறுநாள் லூர்துசாமி வீட்டுக்குப் போனேன்.

அவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"குரூப்ல எல்லாத்தையும் போட்டுட்டேங்க."

"நான் அதுல இல்லியேப்பா. நீதான தூக்குன. படி, கேக்கறேன்."

படித்தேன். அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார். படித்து முடிக்க பத்து விநாடி ஆகவில்லை.

"அவ்ளோதானா?"

"ஆமாங்க."

"முப்பத்தஞ்சு வருஷமா நோட்டீஸ் படிச்சவன்டா நான். நோட்டீஸ்னா யாரு, யாரோட மவன், எந்தக் கதவு நம்பரு, என்னா பண்ணான், எந்தத் தேதி, எல்லாம் இருக்கும். உன்துல ஒரு மயிரும் இல்ல. பக்கம் தானா எந்திரிச்சிப் போச்சா? வருந்துறோம்ன்ற, எத்தன பேரு வருந்துறீங்க? என் பேரு எங்கடா அதுல?" அவர் மனைவி, "பெரிய சத்தம் போடாதீங்க, மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க" என்றார். "நீ சும்மா இரு. ஏண்டா, உன் மாமனாருக்குத் தெரியுமா இது?"

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எப்பலேர்ந்து?"

அவரே கணக்குப் போட்டுவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அதனாலதான் துப்பும்போது என் மூஞ்சப் பாக்கல" என்றார்.

அவர் வாசலில் நின்றே மறுபடியும் எழுதினேன். என் பெயர், என் அப்பா பெயர், கதவு எண், தேதி, பக்க எண். எதை நீக்கினேன், நீக்கியதைக் கேட்டவரை எப்படி நீக்கினேன், எந்த வரியை அழித்தேன் என்று எழுதினேன். லூர்துசாமி யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்று அவர் முழுப் பெயரோடு எழுதினேன். கடைசியில், 'இது தெரிந்தும் பத்து நாள் நானும் என் வீட்டாரும் மறைத்தோம்' என்று எழுதினேன். 'என் வீட்டாரும்' என்பதை மட்டும் விட்டிருக்கலாம். நான் மட்டும் என்று எழுதியிருந்தால் தாத்தா தப்பித்திருப்பார், இன்றைக்கு நீ இந்த வீட்டில் இருந்திருப்பாய். யோசித்தேன். ஆனால் அதையும் விட்டால், இன்னொரு பக்கத்தை நீக்கியதாகும். அனுப்பினேன். அவருக்குப் படித்தும் காட்டினேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னைத் தாண்டிப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தடவை கட்டைவிரல் ஒன்றும் விழவில்லை. தாத்தா குழுவிலிருந்து விலகினார் என்று மட்டும் ஒரு வரி வந்தது. சாயங்காலம் உன் அம்மா உன் சட்டைகளைப் பையில் வைத்தாள். "எங்கப்பா தப்புப் பண்ணாரு. அத நீ அவருகிட்ட சொல்லியிருக்கணும், ஊருகிட்ட இல்ல" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ கை ஆட்டிவிட்டுப் போனாய், சினிமாவுக்குப் போகிற மாதிரி.

இன்று மதியம் அவள் போன் செய்தாள். ஒன்பது நாளில் முதல் தடவை.

"அப்பா சரியா சாப்புடறதில்ல. டீக்கடைக்கே போறதில்ல. இப்ப என்னால வர முடியாது."

"சரி."

"ஊர்ல ஆளாளுக்கு எனக்குப் போன் பண்றாங்க. அந்த மெசேஜ அழிக்கச் சொல்லும்மா, குடும்ப மானம் போவுதுன்றாங்க. அப்பாவும் அதத்தான் சொல்றாரு."

"நீ இன்னா சொல்ற?"

பின்னால் நீ எதையோ கேட்டு அடம் பிடிக்கும் சத்தம் வந்தது. அவள் உன்னை அதட்டிவிட்டு மறுபடியும் போனுக்கு வந்தாள்.

"அழிக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.